பதில் வராத கேள்விகளும் மனித மூளையும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதத் தபாலில் வந்த கேள்விகளிற் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. அரசு மறைப்பதை அறிந்தும் மக்கள் ஏன் பேசாதிருக்கிறார்கள், அதிகாரத்தை ஒருவர் கையிற் குவிக்கும் அரசியலுக்கு மூளையிலேயே வேர் இருக்கிறதா, மூளை பற்றிய புதிய ஆய்வுகள் இதற்கெல்லாம் என்ன சொல்கின்றன என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இரும்புக்கரம் கொண்ட தலைவரை விரும்புகிறவர்களின் மூளை அமைப்பே வேறு என்று ஒரு காணொளியில் விஞ்ஞானி ஒருவர் சொன்னார். இது நிரூபிக்கப்பட்ட உண்மையா?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. இத்தகைய காணொளிகள் பெரும்பாலும் 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வையே ஆதாரமாகக் காட்டுகின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ரியோட்டா கனாய், கெரெய்ன்ட் ரீஸ் முதலியோர் 90 மாணவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, பழைமை பேணும் அரசியற் கருத்துடையவர்களிடம் வலப்பக்க அமிக்டலா சற்றுப் பெரிதாகவும், தாராளவாதக் கருத்துடையவர்களிடம் முன் சிங்குலேட் என்னும் பகுதி சற்றுப் பெரிதாகவும் இருப்பதாக அறிவித்தார்கள். அமிக்டலா அச்சத்தோடு தொடர்புடைய பகுதி என்பதால், அஞ்சுகிறவர்களே வலிய தலைவரைத் தேடுகிறார்கள் என்ற கதை அந்த ஆய்வோடு ஒட்டிக்கொண்டு உலகெங்கும் பரவியது. 2024ஆம் ஆண்டு நெதர்லாந்தில் 928 பேரைக் கொண்டு அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது, முன் சிங்குலேட் பற்றிய முடிவு தென்படவே இல்லை. அமிக்டலா பற்றிய முடிவு தென்பட்டாலும், அந்த வேறுபாடு எள் ஒன்றின் அளவே என்று ஆய்வாளர்களே விளக்கினார்கள். அந்த எள்ளளவும் கருத்துக்குக் காரணமா, கருத்தின் விளைவா என்பதை ஸ்கேன் படம் சொல்லாது.

மூளைப் படங்களைக் கண்டவுடன் நம்பிவிடக் கூடாது என்பதற்கு 2009இல் கிரெய்க் பெனெட் என்பவரும் அவரது சகாக்களும் செய்துகாட்டிய பரிசோதனையை நினைவூட்டலாம். அவர்கள் செத்த சாமன் மீன் ஒன்றை ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். புள்ளிவிபரத்தில் செய்யவேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது, அந்த மீனின் மூளையிலும் ‘இயக்கம்’ தெரிந்தது.

நம் நாட்டு அனுபவமே இதற்குப் போதிய பதில் என்று நினைக்கிறேன். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில், வலிய தலைவராக முன்னிறுத்தப்பட்ட கோட்டாபய ராஜபக்ஷவுக்கு 52.25 சதவீத வாக்குகள் கிடைத்தன. மூன்று ஆண்டுகள் நிறைவதற்கு முன்னர், 2022 ஜூலை 9ஆம் திகதி, அவர் பதவி விலக வேண்டுமென்று கோரி ஆயிரக்கணக்கான மக்கள் கொழும்பு கோட்டையிலுள்ள ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். அதற்கிடையில் எவருடைய அமிக்டலாவும் சுருங்கியிருக்க முடியாது. சமையல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றவர்கள், தங்களிடம் சொல்லப்பட்டதையும் தாங்கள் கண்ணாரக் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மக்களை மூளை வகையாகப் பிரிப்பது விஞ்ஞானத்தின் பெயரால் செய்யப்படும் அவமதிப்பு. எதிர்க் கருத்துடையவர்களை நோயாளிகளாகக் காட்டியவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சோவியத் ஒன்றியத்தில் அரசை விமர்சித்தவர்களுக்கு ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று ஒரு நோய்ப்பெயர் சூட்டி, அவர்களை மனநல வைத்தியசாலைகளில் அடைத்தார்கள். அதற்கான கண்டனம் வலுத்தபோது, 1983இல் சோவியத் மனநல வைத்தியர் சங்கம் உலக மனநல வைத்தியர் சங்கத்திலிருந்து தானாகவே விலகிக்கொண்டது.

கேள்வி: எத்தனையோ ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன, அறிக்கைகள் பூட்டி வைக்கப்பட்டன. என் வயதையொத்தவர்கள் ‘கேட்டு என்ன கிடைக்கப் போகிறது’ என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். இது பயமா, பழகிப்போன சோம்பலா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: இரண்டும் அல்ல என்றே நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு மூளை ஆய்வில் வலுவான ஆதாரமும் இருக்கிறது.

1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு எளிதில் அனுமதி தராது. ஒரு நாய்க்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுக்கப்படும். அது தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு நாய்க்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம் வரை கிடைக்கும். ஆனால் அது எதைச் செய்தாலும் அதிர்ச்சி நிற்காது, முதல் நாய் நிறுத்தும்போதுதான் இதற்கும் நிற்கும். ஆக, இரண்டும் பட்ட வலி ஒன்றே. பின்னர் இரண்டையும், தாழ்ந்த தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே தப்பிவிடக்கூடிய ஒரு பெட்டியில் விட்டபோது, முதல் வகை நாய்கள் தாண்டிச் சென்றன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் படுத்துக்கொண்டு அதிர்ச்சியைச் சகித்தன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். நீண்ட காலம் அந்தப் பெயரே பாடநூல்களில் நிலைத்தது.

ஆனால் அந்தக் கதை அத்தோடு முடியவில்லை. மையர் பின்னர் நரம்பியல் ஆய்வுக்கு மாறி, எலிகளின் மூளையிலே இது எங்ஙனம் நிகழ்கிறது என்று பல்லாண்டுகள் தேடினார். 2016ஆம் ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், அரை நூற்றாண்டுக்கு முன் தாங்கள் சொன்னதைத் தாங்களே தலைகீழாகத் திருப்பினார்கள். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப் போவது கற்றுக்கொள்ளப்படுவதன்று. அது மூளைத்தண்டிலுள்ள ராஃபே என்னும் நரம்புக்கூட்டம் தானாகவே எழுப்பும் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது வேறொன்று. ‘நான் செய்தது பலித்தது’ என்ற அனுபவத்தை நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி பதிந்துகொண்டு, அடுத்த முறை துன்பம் வரும்போது அந்த எதிர்வினையை அடக்குகிறது. முன்னரே ஒரு தடவை தன் செயல் பலித்ததைக் கண்ட விலங்கு, பிறகு கட்டுப்படுத்த முடியாத துன்பத்துக்கு ஆளானாலும் எளிதில் சோர்ந்துவிடுவதில்லை.

விலங்குகளிற் கண்டதை அப்படியே சமூகத்துக்குப் பொருத்துவதில் ஆபத்து உண்டு என்பதை அறிவேன். ஆயினும் உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை. பட்டலந்த சித்திரவதை முகாம் பற்றி விசாரிக்க 1995இல் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது 2025 மார்ச்சில். முப்பது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அந்த முப்பது ஆண்டுகளில் கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை, கேளாதவர்களுக்கும் வரவில்லை. கேட்பதும் கேளாமையும் ஒரே விளைவைத் தருகிற இடத்தில், கேட்பதை விட்டுவிடுகிறவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? அரச இரகசியம் செய்யும் பெரிய தீங்கு இதுதான் என்பது என் எண்ணம். ஒரு தகவல் நம் கைக்கு எட்டாமற் போவது அதில் ஒரு பகுதி மட்டுமே. நம் கேள்விக்கு எந்த வலுவும் இல்லை என்ற பாடம் ஒவ்வொரு மௌனத்தின் போதும் நமக்குப் புகட்டப்படுகிறது என்பதே அதனினும் பெரிய பகுதி.

இதற்கு மாறான அனுபவமும் இந்த ஊரிலேயே உண்டு. காலிமுகத்திடலைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதற்கு நகர அபிவிருத்தி அதிகாரசபை செய்துகொண்ட உடன்படிக்கையின் விபரத்தைச் சுற்றாடல் அமைப்பொன்று கேட்டது. தரப்படவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கருத்து வெளியிடும் சுதந்திரம் பொருளுடையதாக இருக்க வேண்டுமாயின் அதனுள் தகவலைப் பெறும் உரிமையும் அடங்கியிருக்க வேண்டும் என்று 2005 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தகவலறியும் உரிமைக்கென்று தனிச் சட்டம் இந்நாட்டில் வருவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. இன்று மாலை வேளையில் அந்தத் திடலிற் பட்டம் விடும் பிள்ளைகளுக்கு, அந்த இடம் பொதுவெளியாக நிலைத்ததற்குப் பின்னால் ஒரு கேள்விக் கடிதமும் இருக்கிறது என்பதை உங்களைப் போன்ற ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மெய்யாகிவிடும் என்பது உண்மையா? படித்தவர்களும் ஏமாறுகிறார்களே?
– வாசகி ஒருவர், தெஹிவளை

பதில்: மெய்யாகாது. ஆனால் மெய் போலத் தோன்றும். 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று ஆய்வாளர்கள் முதன்முதலில் இதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். ஏற்கெனவே காதில் விழுந்த ஒன்றை மூளை எளிதாகக் கையாள்கிறது, அந்த எளிமையையே உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. படிப்பு இதற்குக் கவசமா என்று 2015இல் லீசா ஃபாசியோவும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கூற்றுகளில் ஒன்று நமக்குச் சுவையானது: ‘ஸ்கொட்லாந்துக்காரர் அணியும் மடிப்புவைத்த குட்டைப் பாவாடைக்குச் சேலை என்று பெயர்.’ சரியான விடையை அறிந்தவர்களுக்கும் இத்தகைய கூற்றுகள் இரண்டாம் முறை பார்த்தபோது முன்னதைவிடச் சற்று உண்மை போலத் தோன்றின.

கொரோனாத் தொற்றால் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று இங்கே எத்தனை தடவை சொல்லப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதற்கு இடமளித்திருந்தது. அவ்வாறிருந்தும் 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பச்சிளங் குழந்தையின் உடலைக்கூடத் தீயிலிடக் கொடுக்க நேர்ந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்த இடைக்காலத்தில், நன்கு படித்த பலர் அந்த நீர்க் கதையை நம்பினார்கள் என்பதைக் கொழும்பில் வாழ்ந்த எவரும் மறுக்க மாட்டார். அம்முடிவுக்கு ஆதாரமான ஆய்வுத் தரவுகள் முதல் நாளிலேயே மக்கள் முன் வைக்கப்பட்டிருக்குமானால், அந்தக் கதை சில வாரங்கள் கூடத் தாக்குப்பிடித்திராது.

கேள்வி: காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் இத்தனை ஆண்டுகளாக வீதியோரத்தில் இருப்பதைப் பார்த்து, ‘இழப்பை ஏற்றுக்கொண்டு வாழப் பழக வேண்டும்’ என்று என் அலுவலக நண்பர் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.
– வாசகர் ஒருவர், மட்டக்குளி

பதில்: எந்த இழப்பை என்று அவரைக் கேளுங்கள். ஏற்றுக்கொள்வதற்கு முதலில் ஒரு செய்தி வேண்டும். பிள்ளை இறந்துவிட்டான் என்ற செய்தியும் அவர்களுக்குத் தரப்படவில்லை, உயிரோடிருக்கிறான் என்ற செய்தியும் தரப்படவில்லை.

2016ஆம் ஆண்டு லண்டனில் ஆர்ச்சி டி பெர்க்கர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 45 பேரைக் கணினி விளையாட்டொன்றில் ஈடுபடுத்தினார்கள். திரையில் ஒரு கல் தோன்றும். அதன் கீழே பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிதரும் மின்னதிர்ச்சி ஒன்று கிடைக்கும். ஊகம் சரியாக இருந்தாலும் அதிர்ச்சி உண்டு. பாம்பு இருப்பதற்கான சாத்தியம் விளையாட்டு நெடுகிலும் மாறிக்கொண்டே இருந்தது. கண்மணி விரிவதையும் தோல் வியர்ப்பதையும் அளந்தபோது, மன அழுத்தம் உச்சத்தைத் தொட்டது அதிர்ச்சி நிச்சயம் என்ற நிலையில் அன்று. ஐம்பதுக்கு ஐம்பது என்ற நிலையிலேயே அது உச்சத்தைத் தொட்டது. வலி வந்தே தீரும் என்று அறிந்தவர்கள், வருமோ வராதோ என்று தவித்தவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

சில நொடிகள் நீடிக்கும் ஒரு விளையாட்டில், கையில் ஒரு சிறு வலிக்காக, மனித உடல் இப்படித் தவிக்கிறது. 2009 மே மாதம், போரின் முடிவில், தன் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த ஒரு தாய் அன்றிலிருந்து அதே ஐம்பதுக்கு ஐம்பதில் நிற்கிறாள். அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் 1970களிலிருந்தே இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று தனியாக வகைப்படுத்தி, இதில் துக்கம் முடிவுக்கு வராதிருப்பது பாதிக்கப்பட்டவரின் குறையன்று, சூழ்நிலையின் விளைவு என்று எழுதி வந்திருக்கிறார். சடங்கு செய்தால் மகனைக் கைவிட்டதாகும், செய்யாவிட்டால் அவன் ஆன்மாவுக்குத் துரோகம் செய்ததாகும் என்ற இருதலைக்கொள்ளி நிலையில் இருப்பவரிடம், பழகிக்கொள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

கிளிநொச்சியில் அந்தப் போராட்டம் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கியது. பதில் கிடைக்காமலே அங்கு இருந்த பெற்றோர் பலர் இறந்துவிட்டார்கள். இது வடக்கின் துயரம் மட்டும் என்று கொழும்பில் உள்ளவர்கள் எண்ணிவிடக் கூடாது. 2008, 2009 ஆண்டுகளில் இந்த நகரிலும் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேரின் குடும்பங்கள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. தெற்கில் 1980களின் இறுதியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரும் இதே காத்திருப்பை அறிவார்கள். ஓர் ஆவணம் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கலாம், சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எவரேனும் ஒருவரிடம் இருக்கலாம் என்ற எண்ணமே அவர்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது. அதை அறிந்துகொண்டே மறைப்பவர்கள் ஒவ்வொரு நாளும் புதிதாக அந்தக் குற்றத்தைச் செய்கிறார்கள் என்பதை என்னால் இதைவிட மென்மையாகச் சொல்ல இயலாது.

கேள்வி: அதிகாரம் ஆட்சியாளரின் மூளையை மாற்றிவிடுமா?
– மாணவர் ஒருவர், மருதானை

பதில்: அதிகார உணர்வு பிறரின் நிலையை உணரும் ஆற்றலைக் குறைக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை மாணவர்களைச் சில நிமிடங்கள் அதிகாரமுள்ளவர்களாகக் கற்பனை செய்யவைத்துப் பெற்ற முடிவுகள். அவற்றைக் கொண்டு எந்த ஜனாதிபதியையும் எடைபோட நான் துணியமாட்டேன். இதைவிட உறுதியான முடிவொன்று 2016இல் டாலி ஷாரட் முதலியோரின் ஆய்வில் கிடைத்தது. தன் நலத்துக்காக ஒருவர் அடுத்தடுத்துப் பொய் சொல்லும்போது அமிக்டலாவின் எதிர்வினை படிப்படியாகக் குறைகிறது, பொய்யின் அளவு படிப்படியாகக் கூடுகிறது. தொடக்கத்திலேயே கேள்வி கேட்கும் பாராளுமன்றமும் பத்திரிகையும் ஏன் அவசியம் என்பதற்கு இது போதும்.

கேள்வி: பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படுகிறது. குற்றம் செய்யாதவர் ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று கேட்பவர்களுக்கு விஞ்ஞானம் என்ன சொல்கிறது?
– சட்ட மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: ஓர் இரவுத் தூக்கத்தைப் பறித்தாலே போதும் என்கிறது. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் 88 பேரைக் கணினியில் சில வேலைகளைச் செய்யவைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட விசையை அழுத்தினால் ஆய்வுத் தரவுகள் அழிந்துவிடும், அதைத் தொடவே கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். பின்னர் ஒரு பகுதியினரை நன்றாக உறங்கவிட்டார்கள். மற்றவர்களை இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்தார்கள். காலையில் எல்லோரிடமும், ‘நீங்கள் அந்த விசையை அழுத்திவிட்டீர்கள்’ என்று எழுதிய தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டார்கள். அது பொய். உறங்கியவர்களில் 18 சதவீதமானோர் முதற் கேள்வியிலேயே கையொப்பமிட்டார்கள். உறங்காதவர்களில் 50 சதவீதமானோர் கையொப்பமிட்டார்கள். அங்கே அடி இல்லை, மிரட்டல் இல்லை, சிறை இல்லை.

1979ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு வந்து 1982இல் நிரந்தரமாயிற்று. சாதாரணக் குற்றவியல் வழக்குகளில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. ஆனால் இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்ததை ஏற்றுக்கொள்வதோடு, அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று நிரூபிக்கும் பொறுப்பையும் கொடுத்தவர் தலையிலேயே போடுகிறது. தடுப்புக்காவல் ஆணையின் உச்சக் காலம் 18 மாதமாக இருந்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 12 மாதமாயிற்று. ஓர் இரவையும் 12 மாதத்தையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதவு மூடிய அறையில், வெளியார் எவரும் காணாத நிலையில், தமிழ் பேசும் ஒருவர் தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிட்டதாக எத்தனை வழக்குகளிற் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை, நீங்கள் சட்டத்தரணியானதும் நேரிலேயே காண்பீர்கள்.

உங்கள் படிப்புக்கு உதவும் இன்னொரு குறிப்பு: இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், சம்மதமின்றி ஒருவரை உண்மை மயக்க மருந்துச் சோதனைக்கோ, பொய் கண்டறியும் கருவிக்கோ, மூளை அலைச் சோதனைக்கோ உட்படுத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டத்தக்க தீர்ப்பு அது.

கேள்வி: அரசுகள் இரகசியமாக மூளையைக் கட்டுப்படுத்த முயன்றன என்பது கட்டுக்கதையா? இன்று மனதை வாசிக்கும் இயந்திரம் வந்துவிட்டதாகவும் சொல்கிறார்களே?
– வாசகர் ஒருவர், ஆமர் வீதி

பதில்: முயன்றது கட்டுக்கதையன்று. அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ. 1953இல் எம்.கே.அல்ட்ரா என்ற திட்டத்தைத் தொடங்கி, அறியாத மனிதர்களுக்கு எல்.எஸ்.டி. உட்படப் பல மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. கனடாவின் மொன்றியல் நகரில் டொக்டர் யூவன் கமரன், மனச்சோர்வுக்கு வைத்தியம் தேடி வந்தவர்களை நாட்கணக்கில் உறங்கவைத்து, மீண்டும் மீண்டும் மின்னதிர்ச்சி கொடுத்து, ஒரே வாசகத்தை ஒலிநாடாவில் ஓயாமற் கேட்கவைத்த ஆய்வுக்கும் அந்தத் திட்டத்திலிருந்து பணம் போனது. பலர் தங்கள் கடந்தகால நினைவுகளை இழந்தார்கள். எவருடைய மனத்தையும் அவர்களால் கட்டுப்படுத்த முடியவில்லை. 1973இல் அந்நிறுவனத்தின் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கச் சொன்னார். ஆனால் கணக்குப் பிரிவின் பெட்டிகளிற் கிடந்த ஏறத்தாழ 20,000 ஆவணங்கள் தப்பிவிட்டன. தகவற் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டதையடுத்து நடந்த தேடலில் 1977இல் அவை வெளிவந்து, அவ்வாண்டே செனற் சபை விசாரணைக்குப் போயின. இரகசியம் அங்கே குற்றத்தை மறைத்தது போலவே, அந்த ஆய்வு விஞ்ஞானமே அன்று என்பதையும் இருபது ஆண்டுகள் மறைத்தது. வெளியார் ஒருவர் பார்த்திருந்தால் முதல் ஆண்டிலேயே கேட்டிருப்பார்.

மனதை வாசிக்கும் இயந்திரம் பற்றி: 2023இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரி டாங், அலெக்சாண்டர் ஹூத் முதலியோர், ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை மூளை ஸ்கேனிலிருந்து ஓரளவு எழுத்தாக்கிக் காட்டினார்கள். அதற்கு அவர் முதலில் ஏறத்தாழ 16 மணிநேரம் ஸ்கேன் இயந்திரத்துள் அசையாமற் படுத்துக் கதை கேட்க வேண்டும். ஒருவருக்குப் பழக்கிய கணினி மற்றவரின் மூளைக்குப் பயன்படவில்லை. அவர் மனதுக்குள் விலங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாலே அது தடுமாறியது. ஆகவே இன்றைக்கு அஞ்சத் தேவையில்லை. ஆனால் சட்டம் முந்திக்கொள்ள வேண்டும். சிலி நாடு 2021இலேயே மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாக்கும்படி தன் அரசியலமைப்பைத் திருத்தியது. நம்மைப் பொறுத்தவரை உடனடியாகக் கவலைப்பட வேண்டியது கைத்தொலைபேசியில் நாம் எழுதிப் பகிர்வது பற்றியே. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவிடம் போகிறது.

கேள்வி: தேசிய பாதுகாப்புக்கு இரகசியம் தேவை இல்லையா? எல்லாவற்றையும் வெளியிட்டால் நாடு தாங்குமா?
– வர்த்தகர் ஒருவர், புறக்கோட்டை

பதில்: சில இரகசியங்கள் தேவை. நடந்துகொண்டிருக்கும் விசாரணை, தகவல் தந்தவரின் பெயர், நோயாளியின் கோப்பு போன்றவற்றை வெளியிடும்படி எவரும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தை எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வெளிநாட்டு உளவுத்துறையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் அந்தத் தகவல் கடிதங்களாக மாறி அதிகாரிகளின் மேசைகளுக்கிடையே பயணம் செய்தது. தேவாலயத்தின் கதவைத் திறந்தவருக்கு எவரும் சொல்லவில்லை. தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தாம் அழைக்கப்படுவதில்லை என்று அப்போதைய பிரதமரே பின்னர் பகிரங்கமாகக் கூறினார். அந்த ஞாயிறு நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், கடமை தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும், உயரதிகாரிகள் சிலரும் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அளவுக்கு மீறி மறைத்துப் பழகிய அரசு, சொல்ல வேண்டிய வேளையிலும் வாய் திறப்பதில்லை.

கேள்வி: எங்கள் தெருவின் வடிகால் வேலைக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டேன். ‘அதெல்லாம் உள்விவகாரம்’ என்று அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்யலாம்?
– குடும்பத் தலைவி, முகத்துவாரம்

பதில்: எழுத்திற் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் ஏன் வேண்டும் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, அவர்கள் கேட்கவும் கூடாது. தமிழிலேயே எழுதலாம். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, ‘பணம் என்னவாயிற்று’ என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன ஆண்டில் இன்ன வீதியின் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தகாரருக்குச் செலுத்திய தொகை, வேலை நிறைவுச் சான்றிதழின் பிரதி என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மழுப்புவது கடினம். கையளித்தவுடன் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். காலக்கெடு அதிலிருந்தே கணிக்கப்படுகிறது.

அவர்கள் 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் பலனில்லையெனில் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பாராளுமன்றத்தையே பதில் சொல்ல வைத்த ஆணைக்குழு அது. சொத்து விபரம் சமர்ப்பித்த உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலைக் கொடுக்கும்படி அது இட்ட கட்டளையை, 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. கருமபீடத்தில் இருப்பவர் தயங்கினால், இச்சட்டத்தின்படி தகவல் தரும் உத்தியோகத்தரைத் தண்டிக்க முடியாது என்று 40ஆம் பிரிவு சொல்வதை அவருக்கு அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். பல உத்தியோகத்தர்கள் அதை அறியாமலே அஞ்சுகிறார்கள்.

முடிந்தால் தெருவில் இன்னும் இரண்டு வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். பதில் வந்ததும் அதன் பிரதியொன்றை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.